மேளக்காரர்களின் வெற்றியை அறிவிக்கும் நிறுவனங்களுக்குக் கும்பகோணத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கலைஞர் மேலாண்மை நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து நாதஸ்வர, தவில் கலைஞர்களையும், கரகாட்டம், தப்பாட்டம், பொய்க்கால் குதிரை ஆடும் குழுக்களையும் ஒப்பந்தம் செய்து, அவர்களைத் தொலைக்காட்சிக்கும் விளம்பரங்களுக்கும் வெளிநாட்டு மேடைகளுக்கும் அழைத்துச் செல்லும் சென்னை நிறுவனங்கள் அனைத்துக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறேன். எந்த ஒரு நிறுவனத்தையும் பெயர் சொல்லிக் குறை கூறுவது என் நோக்கம் அன்று. நான் தவில் வாசித்த குடும்பத்தில் பிறந்து, கும்பகோணத்தில் கணக்கு எழுதும் தொழில் செய்கிறவன். இந்தப் பக்கத்து மேள செட்டுகள் பலவற்றுக்கு வருமான வரிக் கணக்கு, வங்கிக் காகிதம், கடவுச்சீட்டு விண்ணப்பம் என எழுத்து வேலை எதுவானாலும் என்னிடம் வருகிறது. நீங்கள் கையெழுத்து வாங்கும் ஒப்பந்தங்களும் அப்படித்தான், பெரும்பாலும் கையெழுத்தான பிறகு, என் மேசைக்கு வந்து சேர்கின்றன.

கடந்த சில மாதங்களாக நீங்கள் வெளியிடும் அறிவிப்புகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். நகைக்கடையுடன் ஒரு கூட்டு, பட்டு நிறுவனத்துடன் ஒரு கூட்டு, திருமண ஏற்பாட்டாளர்களுடன் ஆண்டு ஒப்பந்தம், பண்டிகை நாள் சிறப்பு நிகழ்ச்சியில் எங்கள் கலைஞர்கள், இசைப் போட்டி மேடையில் எங்கள் கலைஞர்கள், சிங்கப்பூரிலும் துபாயிலும் எங்கள் கலைஞர்கள் என்று அவை ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவற்றைப் படிக்கும்போது உண்மையாகவே மகிழ்ச்சி அடைகிறேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். காவிரி டெல்டாவின் திருமணங்களில் நாயனத்துக்கு ஒதுக்கும் தொகையைக் குறைத்துக்கொண்டு செண்டை மேளத்துக்கும் டிஜேவுக்கும் கொடுக்கும் வழக்கம் பெருகிவிட்ட காலம் இது. தகப்பனார் வாசித்த தவிலை வீட்டில் தொங்கவிட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போன பையன்களை எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒரு தெருவில் ஒருவன் தொலைக்காட்சியில் அரை மணி நேரம் வாசித்துவிட்டு வந்தால், அடுத்த வாரம் இரண்டு வீடுகளிலாவது உறை கழற்றிச் சாதகம் தொடங்குகிறது. உங்கள் உழைப்பு இல்லாமல் இது நடந்திருக்காது.

ஆனால் நீங்கள் வெற்றி என்று அறிவிப்பதும், அந்த வெற்றிக்கு உரியவர் வீட்டில் வந்து சேர்வதும் ஒன்றாக இல்லை. அறிவிப்பில் கூட்டு சேர்ந்த வணிக நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, அலைவரிசையின் பெயர் இருக்கிறது, பார்த்தவர்களின் எண்ணிக்கை இருக்கிறது. வாசித்தவரின் முழுப் பெயர், அவருக்குக் கிடைத்த பணத்தின் கணக்கு, அந்த வாசிப்பின் மீது அவருக்கு எஞ்சியிருக்கும் உரிமை ஆகிய மூன்றும் அதில் இல்லை. பல நேரங்களில் ஒப்பந்தத்திலும் இல்லை. இந்த மூன்றையும் எழுத்தில் கொண்டுவர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பெயரிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற இரண்டும் அதன் மேல்தான் நிற்கின்றன. எங்கள் பகுதியில் கோயில் திருவிழா நோட்டீஸ் அச்சிடும்போது, எந்த நாள் எந்த வாகனம், அன்றைக்கு நாதஸ்வரம் யார், தவில் யார் என்று ஊர்ப் பெயரோடு சேர்த்து அச்சிடுவார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, திருவிடைமருதூர் வீருசாமிப் பிள்ளை என்று ஊர் முன்னால் வருவது அலங்காரத்துக்காக அன்று. எந்த வழியில் கற்றவர், எந்தக் கோயிலில் வாசித்து வளர்ந்தவர் என்பதைக் கேட்பவருக்குத் தெரிவிக்கும் முகவரி அது. தவில் வித்வான் அரித்துவாரமங்கலம் ஏ. கே. பழனிவேல் பத்மஸ்ரீ விருது பெற்றபோது திருவாரூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றும் நாடு முழுவதும் அறியப்பட்டது. உங்கள் அறிவிப்புகளிலோ ஊர் உதிர்ந்துவிடுகிறது; எளிதில் நினைவில் நிற்க வேண்டும் என்று புதிய மேடைப் பெயர் சூட்டப்படுகிறது; ஒன்பது பேர் நிற்கும் படத்துக்குக் கீழே "நாட்டுப்புறக் கலைஞர்கள்" என்று மட்டும் போடப்படுகிறது. ஒத்து ஊதுகிறவரும் தாளம் போடுகிறவரும் எந்த அறிவிப்பிலும் எனக்குக் கண்ணில் பட்டதில்லை. சுருதி இல்லாமலும் தாளம் இல்லாமலும் எந்த வித்வானும் வாசித்துவிட முடியாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

பெயர் போடுவதை மரியாதை சார்ந்த கோரிக்கையாக மட்டும் எண்ணிவிட வேண்டாம். 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், நிகழ்த்துகிறவருக்கு 38-பி பிரிவின் கீழ் இரண்டு தார்மிக உரிமைகளைக் கொடுத்திருக்கிறது. தன் நிகழ்த்துதலுக்கு உரியவர் தானே என்று அடையாளப்படுத்தக் கோருவது ஒன்று; தன் புகழுக்குக் கேடு வரும்படி அதைச் சிதைத்தால் தடுக்கவும் இழப்பீடு கேட்கவும் முடிவது மற்றொன்று. மற்ற உரிமைகளை எழுதிக் கொடுத்துவிட்ட பிறகும் இவ்விரண்டும் அவரிடமே இருக்கின்றன. இதைவிட முக்கியமான ஒன்று அதே சட்டத்தில், நிகழ்த்துகிறவர் யார் என்பதற்கான வரையறையிலேயே ஒளிந்திருக்கிறது. காட்சிப் பதிவு ஒன்றில் போகிற போக்கில் தோன்றி, அத்தொழிலின் வழக்கப்படி பெயர்ப் பட்டியலிலோ வேறெங்குமோ குறிப்பிடப்படாத ஒருவரைச் சட்டம் நிகழ்த்துகிறவராகக் கருதுவதில்லை. சிதைவைத் தடுக்கும் உரிமை ஒன்றுதான் அவருக்கு மிஞ்சும். அதாவது, ஒரு திரைப்படத்தின் கல்யாணக் காட்சியிலோ ஒரு விளம்பரத்தின் கோயில் காட்சியிலோ வாசித்த செட்டின் பெயர் பட்டியலில் ஏறாமல் போனால், பின்னாளில் அவர்கள் உரிமைத் தொகை கேட்கும்போது, அவர்கள் நிகழ்த்துகிறவர்களே அல்லர் என்று எதிர்த்தரப்பு வாதாட வழி திறந்துவிடுகிறது. பெயர் போடுங்கள் என்று தயாரிப்பாளரிடம் வற்புறுத்தும் வலிமை தனிக் கலைஞருக்கு இல்லை, உங்களுக்கு இருக்கிறது. கலைஞருக்காகப் பேசவே தரகு பெறுகிறீர்கள் என்றால், முதலில் பேச வேண்டியது இதைப் பற்றித்தான்.

அடுத்தது பணம். உங்கள் வரவுக்கு முன்பும் எங்கள் பகுதியில் இடைத்தரகர் உண்டு. வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுத்து, தேதி குறித்துக்கொண்டு, முகூர்த்தம் முடிந்து தாம்பூலம் வாங்கும்போது மீதியைக் கொடுத்துவிடுவது வழக்கம். அதில் ஏய்ப்பும் இருந்தது, நிலுவையும் இருந்தது. ஆனால் யார் எவ்வளவு பேசினார் என்பது பந்தலில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். மீதி வராவிட்டால் பெண் வீட்டாரிடம் நேரே போய்க் கேட்கலாம். இப்போது விளம்பரம் கொடுக்கும் நிறுவனம், அதன் விளம்பர முகமை, நிகழ்ச்சி ஏற்பாட்டாளர், நீங்கள், உங்கள் உள்ளூர் ஒருங்கிணைப்பாளர், செட்டுத் தலைவர் என்று ஆறு கைகள் மாறித்தான் தாளம் போடுகிறவருக்குப் பணம் வருகிறது. முதல் கையில் எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பது கடைசிக் கைக்குத் தெரிவதே இல்லை. எவ்வளவு என்று கேட்டால், அது வணிக இரகசியம் என்று பதில் வருகிறது. தன் வாசிப்புக்குக் கொடுக்கப்பட்ட விலை வாசித்தவருக்கே இரகசியமாக இருப்பது நியாயமாகாது.

இந்தத் தொழில் நெடுங்காலமாக நடந்துவரும் இடங்களில் இதை எப்படி ஒழுங்குபடுத்தினார்கள் என்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உரிமம் பெறாதவர் கலைஞருக்கு வேலை பிடித்துத் தரும் முகவராக இருக்க முடியாது. கலைஞரின் சார்பாக வாங்கிய பணத்தை முகவர் தம் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனி நம்பிக்கைக் கணக்கில் போட்டு, தரகு போக மீதியை 30 நாட்களுக்குள் கலைஞருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்நாட்டு நடிகர் சங்கம், தன் உறுப்பினர்களிடம் முகவர் வாங்கும் தரகுக்கு 10 விழுக்காடு என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. நம் நாட்டில் இத்தொழிலுக்கென்று தனி உரிமச் சட்டம் கிடையாது. சட்டம் இல்லாத இடத்தில் நிறுவனங்கள் தாமாக ஒரு வரம்பை ஏற்றுக்கொள்ளலாம். எங்கள் செட்டுகளிடம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடித்துக்கொண்ட ஒருவர், அதையும் இத்தனை விழுக்காடு என்று சொல்லாமல் "ஏற்பாட்டுச் செலவு" என்ற பெயரில் கழித்திருந்ததை அவர்களுடைய காகிதத்தில் நானே பார்த்தேன். தரகு எத்தனை விழுக்காடு, எதன் மீது கணக்கிடப்படுகிறது, பயணச் செலவும் தங்குமிடச் செலவும் யாருடையவை என்பவற்றை ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு பக்கக் கணக்காகக் கொடுத்தால் போதும். அதைக் கொடுக்கும் நிறுவனத்தின் மேல் எங்கள் ஊரில் சந்தேகமே எழாது.

வரி விஷயத்தில் நடப்பவற்றைக் கணக்கர் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. செட்டு முழுவதற்குமான தொகையைத் தலைவர் ஒருவரின் வங்கிக் கணக்கிலேயே போட்டு, அவருடைய நிரந்தரக் கணக்கு எண்ணிலேயே வரி பிடிக்கிறீர்கள். அவர் பங்கு பிரித்துக் கொடுத்த பிறகும், ஒன்பது பேரின் வருமானம் முழுவதும் அவர் ஒருவருடையதாகவே அரசின் பதிவில் நிற்கிறது. மகளின் கல்லூரிக் கட்டண உதவிக்கு வருமானச் சான்று கேட்டுப் போகும்போதுதான் அந்தச் சிக்கல் அவருக்குத் தெரிகிறது. மற்ற எட்டுப் பேருக்கோ வாங்கிய பணத்துக்கு எந்தச் சான்றும் இல்லாததால் வங்கிக் கடன் கிடைப்பதில்லை. ஒவ்வொருவர் கணக்கிலும் அவரவர் பங்கை நேரடியாகச் செலுத்தி, பிடித்த வரிக்கான சான்றை அவரவர்க்குக் கொடுத்தால், வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்கள் கணக்குத் தாக்கல் செய்து அந்தப் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள்; அதற்கு உதவி செய்ய நான் இருக்கிறேன். சரக்கு மற்றும் சேவை வரியிலும் ஒரு தெளிவு வேண்டும். நாட்டுப்புற, செவ்வியல் வடிவங்களில் இசையோ நடனமோ நாடகமோ நிகழ்த்தும் கலைஞரின் சேவைக்கு, ஒரு நிகழ்ச்சிக்கான கட்டணம் 1.5 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை அந்த வரியிலிருந்து விலக்கு உண்டு. விளம்பரத் தூதராகச் செயல்படுவதற்கு மட்டும் அந்த விலக்கு கிடையாது. உங்கள் சேவைக்கு நீங்கள் கட்ட வேண்டிய வரியைக் கலைஞரின் சம்பளத்திலிருந்து கழிக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால், அதை உடனே நிறுத்த வேண்டும்.

இனி, பதிவின் மீதான உரிமை. ஒரு காலத்தில் கச்சேரி என்பது வாசித்த இரவோடு முடிந்தது. மறுநாள் பேச்சு மட்டுமே மிஞ்சும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம் இசைத்தட்டாக வந்து, நேரில் கேட்டிராத வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவையொட்டி அகில இந்திய வானொலியில் அவர் வாசித்த மங்கல இசையை இன்றும் எங்கள் பெரியவர்கள் பெருமையோடு சொல்கிறார்கள். ஒலிப்பதிவும் ஒலிபரப்பும் ஒரு கலைஞரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு எங்களுக்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆகவே பதிவு செய்யாதீர்கள் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் படப்பிடிப்புக்குக் கொடுக்கும் சம்பளத்தில், எந்த ஊடகத்திலும், உலகம் முழுவதும், காலவரையறையின்றிப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமையையும் சேர்த்து எழுதி வாங்கிக்கொள்கிறீர்களே, அதைத்தான் மறுபரிசீலனை செய்யச் சொல்கிறோம். நிகழ்த்துகிறவரின் உரிமை, நிகழ்த்திய ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 50 ஆண்டுகள் நிற்கிறது. காட்சிப் பதிவில் சேர்க்க எழுத்து மூலம் இசைந்த பிறகும், வணிகப் பயன்பாட்டுக்கு உரிமைத் தொகை பெறும் தகுதி அவருக்கு உண்டு என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஏ பிரிவு சொல்கிறது. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும்; எவ்வளவு காலத்துக்கு என்று எழுதப்படாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் அதே சட்டத்தின் 19 ஆம் பிரிவு கொள்கிறது; அப்பிரிவு நிகழ்த்துகிறவரின் உரிமைக்கும் பொருந்தும். எழுதாமல் விட்டால் கலைஞருக்குச் சாதகமாக நிற்கும் இந்த இரண்டையும், எழுதி வாங்கி அவருக்குப் பாதகமாக மாற்றுவது அவருடைய மேலாளர் செய்யும் வேலையாக இருக்கலாமா? உரிமையை வாங்குகிறவருக்காகப் பேசுவதா, வாசித்தவருக்காகப் பேசுவதா என்பதை நீங்கள் முடிவு செய்தாக வேண்டும்.

சிதைவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுவாமி புறப்பாட்டின்போது வாசிக்கும் மல்லாரியை, மணமக்கள் மண்டபத்துக்குள் நுழையும் காட்சிக்கு வாசிக்கச் சொல்கிறார்கள். அதைப் பதினைந்து விநாடிக்கு வெட்டி, அடியில் இயந்திரத் தாளம் சேர்த்து, நகை விளம்பரத்துக்கு ஓட்டுகிறார்கள். சில வித்வான்கள் இதற்கு மனமுவந்து ஒத்துக்கொள்வார்கள். சிலருக்கு இது பொறுக்காது. இரண்டு நிலைப்பாட்டையும் நான் மதிக்கிறேன். எதை வாசிப்பது, எதை வாசிக்காமல் விடுவது, வாசித்ததை எவ்வளவு வெட்டலாம் என்று முடிவு செய்யும் இடத்தில் வாசித்தவர் இருக்க வேண்டும், அவ்வளவே. படப்பிடிப்புக் களத்தில், விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும் நேரத்தில், மாட்டேன் என்று சொல்லும் துணிவு யாருக்கும் வராது. அதை முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும்.

வணிக நிறுவனங்களுக்காகப் பேசும் கலைஞர்களைக் குறித்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பரிந்துரை கொடுத்தவர் மீதும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்; மீண்டும் நடந்தால் 50 லட்சம் வரை போகலாம். உரிய முறையில் சரிபார்த்துக்கொண்டவருக்கு விலக்கு உண்டு. வலங்கைமானிலோ நன்னிலத்திலோ இருக்கும் ஒரு கரகாட்டக் கலைஞர் ஒரு முதலீட்டுச் செயலியின் உண்மைத்தன்மையை எப்படிச் சரிபார்ப்பார்? சரிபார்ப்பும் உங்கள் பொறுப்பு, தவறினால் வரும் இழப்பும் உங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தம் சொல்ல வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது தேதிகளைப் பற்றிய விதி. மூன்று ஆண்டுகளுக்கு உங்கள் வழியாக அன்றி வேறு நிகழ்ச்சி எதையும் ஏற்கக் கூடாது என்ற விதியைப் பல ஒப்பந்தங்களில் பார்க்கிறேன். நகரத்தில் நடிகருக்கோ பாடகருக்கோ அது பொருந்தலாம். டெல்டாவில் ஒரு மேளக் குடும்பத்துக்கு அதன் ஊர்க் கோயிலில் வாசிக்கும் முறை இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களில் மூன்று தலைமுறையாக அவர்களைத் தவிர வேறு யாரையும் அழைக்காத வீடுகள் இருக்கின்றன. அந்த வீட்டார் இப்போது வழக்கம்போல் வந்து தேதி கேட்டால், சென்னை எண்ணைக் கொடுத்து அங்கே பேசச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே சொல்லும் தொகை அவர்களால் தாங்கக் கூடியதாக இருப்பதில்லை. அடுத்த முறை அவர்கள் வேறு செட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள். உங்கள் ஒப்பந்தம் மூன்று ஆண்டில் முடிந்துவிடும். முறிந்துபோன அந்த உறவு திரும்ப வராது. கோயில் முறை, சொந்த மாவட்டத்தில் நடக்கும் திருமணங்கள், காதணி விழாக்கள், துக்க நிகழ்ச்சிகள் ஆகிய அனைத்தையும் இந்த விதிக்கு வெளியே வைத்துவிடுங்கள். அவற்றிலிருந்து தரகும் எதிர்பார்க்க வேண்டாம். ஒப்பந்தம் முடிந்த பின்னும் இரண்டு ஆண்டு வேறு நிறுவனத்திடம் போகக் கூடாது என்று எழுதப்பட்ட ஒரு தாளையும் பார்த்தேன். தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கை செல்லாது என்று 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27 ஆம் பிரிவில் சொல்கிறது. செல்லாத விதியாக இருந்தாலும், அதைப் படித்துப் பயந்து வாய்ப்பை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

காலண்டரையும் கொஞ்சம் எங்கள் கண்ணால் பார்க்க வேண்டுகிறேன். ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் இல்லை. அதனால் எல்லாக் கலைஞர்களும் ஓய்வாக இருப்பார்கள் என்று எண்ணி அப்போது படப்பிடிப்பு வைக்கிறீர்கள். கல்யாண நாயனக்காரருக்கு ஆடி ஓய்வுதான். கரகம், தப்பு, நையாண்டி மேளம் ஆகியவற்றுக்கோ அம்மன் கோயில்களில் ஓயாத வேலை இருக்கும் மாதம் அது. அந்த ஒரு மாத வருமானத்தை நம்பி வாங்கிய கடன்கள் இருக்கும். மார்கழியில் கோயில் முறை உள்ளவர்கள் விடியற்காலை பூசைக்கு ஊரில் இருந்தாக வேண்டும். தை அறுவடை முடிந்து கையில் பணம் புரளும்போதுதான் டெல்டாவில் கல்யாணமும் காவடியும் நெருங்கி வருகின்றன. மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்காமல் தள்ளிப்போன ஆண்டுகளில் அந்தப் பருவமும் மெலிந்துவிடுகிறது. அப்படிப்பட்ட ஆண்டுகளில்தான் உங்கள் நிகழ்ச்சிகள் எங்களுக்கு மிக அதிகமாகத் தேவைப்படுகின்றன. ஒரு நல்ல முகூர்த்த நாளை ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டு, இரண்டு நாள் முன்னால் படப்பிடிப்பு இல்லை என்று சொன்னால், அந்த முகூர்த்தம் போனது போனதுதான். ஒதுக்கச் சொன்ன நாளுக்கு, ரத்தானாலும் ஒரு தொகை உண்டு என்பதைக் கட்டாயமாக்குங்கள்.

பெண் கலைஞர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கரகாட்டம் ஆடும் பெண்களின் துணுக்குக் காட்சிகளை வெளியிட்டு அதிகப் பார்வை பெறுகிறீர்கள். கீழே எழுதப்படும் வசவுகளையும் ஆபாசத்தையும் அவர்களுடைய பிள்ளைகள் படிக்கிறார்கள். எந்தக் காட்சி வெளியாகலாம் என்பதில் அந்தப் பெண்ணின் ஒப்புதல் வேண்டும்; வெளியிட்ட பக்கத்தைக் கண்காணித்து இழிமொழிகளை நீக்குவது வெளியிட்டவரின் கடமை. உடை மாற்றத் தனி அறை, இரவில் ஊர் திரும்ப வண்டி, பேசுவதற்கு ஒரு பெண் ஒருங்கிணைப்பாளர் ஆகியவை இல்லாத நிகழ்ச்சியை ஏற்காதீர்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 ஆம் ஆண்டின் சட்டப்படி பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் உள்ள நிறுவனம் உள்ளகப் புகார்க் குழு அமைத்தாக வேண்டும். உங்கள் நிறுவனத்தில் அந்தக் குழு இருந்தால், அதில் யாரிடம் எப்படி முறையிடுவது என்பதைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பெண் கலைஞரிடமும் கொடுங்கள்.

கூட்டு ஒப்பந்தங்களைப் பற்றி ஒரு யோசனையும் உண்டு. இதுவரை நீங்கள் அறிவித்த கூட்டுகள் அனைத்தும் விற்கிறவர்களோடு. கலையை வாழவைக்கிறவர்களோடும் நீங்கள் கூட்டு சேரலாம். ஆடுதுறைக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் கடையும் குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே ரங்கநாதன் ஆச்சாரி செய்து கொடுத்த பாரி நாயனம் என்ற நீண்ட நாதஸ்வரமே, திமிரி என்ற குட்டை நாதஸ்வரத்தின் உச்சச் சுருதியிலிருந்து இறங்கி ராஜரத்தினம் பிள்ளை வாசிக்க வழிசெய்தது. 2022 ஆம் ஆண்டு நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்தும் கடைசல் பட்டறைகளில் இளைஞர்கள் மிகக் குறைவு. நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியைச் செய்கிறவர்களின் நிலையும் அதுவே. நீங்கள் வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு செட்டுக்கும் கருவி வாங்கவும் பழுது பார்க்கவும் ஒரு தொகையைத் திட்டச் செலவிலேயே வைத்து, அதை இந்தப் பட்டறைகளில் செலவிடுங்கள். திருவையாற்று அரசு இசைக் கல்லூரியிலும் மாவட்ட அரசு இசைப் பள்ளிகளிலும் நாதஸ்வரமும் தவிலும் படித்து வெளிவரும் பிள்ளைகளுக்கு, பெரிய செட்டுகளோடு சேர்ந்து வாசிக்கும் பயிற்சி இடம் கொடுங்கள். தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யாத கலைஞர்கள் உங்கள் பட்டியலில் இருந்தால், அவர்களைப் பதிவு செய்து கொடுங்கள்; விண்ணப்பத்துக்கு வேண்டிய நிகழ்ச்சிச் சான்றுகள் உங்கள் கோப்புகளில்தான் இருக்கின்றன. இவற்றை அறிவிப்பில் போடுங்கள். நான் முதல் ஆளாக நாலு பேருக்கு எடுத்துச் சொல்வேன்.

ஒப்பந்தத்தைத் தமிழில் கொடுங்கள் என்பதை இத்தனைக்குப் பிறகு தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். ஆனாலும் நடைமுறை அதைச் சொல்ல வைக்கிறது. பதினெட்டுப் பக்க ஆங்கிலத் தாளை ஒப்பனை அறையில் நீட்டி, கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்து வாங்குவது உடன்பாடு ஆகாது. தமிழ்ப் படியும் ஆங்கிலப் படியும் ஒன்றாக வரட்டும். இரண்டுக்கும் வேறுபாடு வந்தால் தமிழ்ப் படியே செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கட்டும். படித்து, வீட்டாரோடும் செட்டாரோடும் பேசி முடிவெடுக்க ஒரு வார அவகாசம் இருக்கட்டும். கையெழுத்தான படி ஒன்று கலைஞரிடம் இருக்க வேண்டும் என்பதும் பல இடங்களில் நடப்பதில்லை. கைபேசியில் எடுத்த மங்கலான படத்தை வைத்துக்கொண்டு என்னிடம் விளக்கம் கேட்டு வருகிறார்கள்.

உங்கள் நிறுவனங்களில் ஏதேனும் ஒன்று இப்படிப்பட்ட தமிழ் ஒப்பந்த வரைவைத் தயாரிக்க முன்வந்தால், அதைக் கட்டணம் ஏதுமின்றி வரிவரியாகப் படித்துக் கருத்துச் சொல்ல நான் அணியமாக இருக்கிறேன். மூத்த செட்டுத் தலைவர்கள் சிலரும், கரகக் குழு நடத்தும் பெண்கள் இருவரும் உடன் உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கல்யாண செட்டுக்காரர்களுக்கு ஆடியில் நேரம் இருக்கும். கரகக் குழுவினருக்கு ஆவணி பிறந்த பிறகு வசதி. ஆவணி முதல் வாரத்தில் கும்பகோணத்தில் ஒரு நாள் ஒதுக்கினால், எல்லாரும் ஓரிடத்தில் இருந்து பேசி, தை முகூர்த்தங்களுக்கு முன் புதிய தாளில் கையெழுத்திட முடியும். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
மேளக் குடும்பத்தைச் சேர்ந்த கணக்கர் ஒருவர்,
கும்பகோணம்.